கருவிலே திருவா? கையிலே திறனா?

படம் ஒன்று தொடங்கும் நாளன்று நடப்பதைப் பாருங்கள். படப்பிடிப்புக் கருவிக்கு மாலை சூட்டுகிறார்கள், பொட்டு வைக்கிறார்கள். அதன் முன்னே தேங்காய் உடைகிறது, கற்பூரம் எரிகிறது, எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. நாள் பார்த்தாயிற்று, கோள் பார்த்தாயிற்று, இராகு காலம் கழிந்தாயிற்று என்று உறுதி செய்துகொண்ட பிறகே முதற்காட்சி எடுக்கப்படுகிறது. அந்தக் கருவிக்குள் இருக்கும் கண்ணாடி வில்லையை, ஒளி எந்தக் கோணத்தில் எவ்வளவு வளையும் என்று கணக்கிட்டுக் கடைந்து கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஒரு பூவும் இல்லை, ஒரு நன்றியும் இல்லை! படம் ஓடினால் 'ஆண்டவன் அருள்' என்பார். ஓடாவிட்டால் 'நேரம் சரியில்லை' என்பார். ஓடியதற்கும் ஓடாததற்கும் காரணம் தேடும் வேலை அவ்வளவோடு முடிந்தது.

இது பாமரர் பேச்சு, படித்தவர் இப்படிப் பேசமாட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். படித்தவர் பேச்சு இன்னும் நயமாக இருக்கும். "இயக்குநரின் பாணி கற்று வருவதல்ல, ஐயா! அது கருவிலே அமைந்த திரு. இருந்தால் இருக்கும், இல்லையேல் இல்லை" என்பார். கற்பூரம் இல்லை, தேங்காய் இல்லை. ஆனால் கருத்து அதே கருத்து! கோயில் வாயிலிலே புறப்பட்டு, கல்லூரி வாயில் வழியே நுழைந்து, கலை விமரிசனம் என்னும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறது. பிறப்பால் உயர்வு என்னும் பழைய சரக்கு அது. பெயர்ச்சீட்டுதான் புதிது. அந்தச் சரக்கை எந்தக் கடையில் கண்டாலும் அடையாளம் தெரிந்துகொள்ளும் பயிற்சி நமக்கு உண்டல்லவா?

பிறவிக் கலைஞன் என்பதற்குச் சான்று கேட்டால், அவர்கள் காட்டும் பெயர்களிலே முதல் வரிசையில் இருப்பது வங்கத்துச் சத்யஜித் ரேயின் பெயர். நல்லது. அவரையே எடுத்துக்கொள்வோம். எதிர்க்கட்சியின் சாட்சியையே கூண்டில் ஏற்றி விசாரிப்பதுதானே வழக்கறிஞனுக்கும் அழகு?

"பாட்டனார் உபேந்திர கிஷோர் எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலையிலே புதுமை கண்டவர். தந்தை சுகுமார் ராய், வங்கக் குழந்தைகள் இன்றும் பாடிச் சிரிக்கும் நகைச்சுவைப் பாக்களை ஆக்கியவர். மூன்றாம் தலைமுறையிலே சத்யஜித். இரத்தத்திலே கலை ஓடுகிறது, பாருங்கள்!" என்பது அவர்கள் வாதம்.

இரத்தம் ஓடியது உண்மை. அதிலே கலை ஓடியதை எவர் கண்டார்? சத்யஜித் பிறந்தது 1921இல். தந்தை மறைந்தது 1923இல். தந்தையின் மடியிலிருந்து பாடம் கேட்கும் வயது வருமுன்பே தந்தை இல்லை. பாட்டனார் அமைத்த அச்சகமும் சில ஆண்டுகளில் நொடித்துப்போயிற்று. கைம்பெண்ணான தாய் சுப்ரபா, தம் உடன்பிறந்தார் வீட்டில் இருந்துகொண்டு, தையல் வேலை கற்றுக்கொடுத்து மகனை வளர்த்தார். வீட்டிலே நூல்கள் இருந்தன, படங்கள் இருந்தன, படித்த சுற்றத்தார் இருந்தனர். இவற்றை நாம் மறைக்கவில்லை. மறைக்க மாட்டோம், ஏனெனில் இவை நம் கட்சிக்குத்தான் துணை. நூலும் படமும் இருந்த வீட்டிலே பிள்ளை நூலையும் படத்தையும் பழகினான் என்றால், அது சூழ்நிலையின் வேலையா, குருதியின் வேலையா? அந்த நூலையும் படத்தையும் நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்று கேட்பதற்கன்றோ அது காரணம் ஆகும்! 'அவன் வீட்டுக்கு மட்டும் அது வாய்த்தது' என்று கும்பிட்டுவிட்டுப் போவதற்கு அதிலே என்ன இருக்கிறது?

அவர் கற்றதைப் பார்ப்போம். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசிடம் ஓவியம் பயின்றார். படிப்பை முடிக்காமலே 1942இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1943இல் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிஸ்கோத்துக்கும் தேயிலைக்கும் எண்ணெய்க்கும் விளம்பரம் வரைவது போன்ற வேலை! நூல்களுக்கு மேலட்டை வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயாவின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவர்க்கெனச் சுருக்கி ஒரு பதிப்பு வந்தபோது அதற்கும் படங்கள் வரைந்தார். பிற்காலத்தில் திரையிலே உலகம் கண்ட காட்சிகள் சில, அப்போதே மையும் தூரிகையுமாக அவர் மேசைமீது உருப்பெற்றுவிட்டன.

அதோடு நிற்கவில்லை. இன்ன கதையைப் படமாக எடுக்கப்போகிறோம் என்று எந்தப் பட முதலாளியாவது அறிவித்தால், அந்தக் கதைக்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதிவிடுவார். எவரும் கேட்கவில்லை, காலணா வருமானம் இல்லை. படம் வெளிவந்ததும் போய்ப் பார்ப்பார். தாம் எழுதியதையும் அவர்கள் எடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கொட்டகை இருட்டிலே உட்கார்ந்து ஏட்டிலே குறிப்பெடுப்பார். 1947இல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தாவில் திரைப்படக் கழகம் அமைத்தார். 1948இல், இந்தியப் படங்களின் குறை யாது என்று ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். 1950இல் அலுவலகம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. அங்கே தங்கிய சில மாதங்களில் ஏறத்தாழ 100 படங்கள் பார்த்தார். அவற்றுள் ஒன்று இத்தாலிய இயக்குநர் டி சீக்காவின் 'சைக்கிள் திருடர்கள்'. படப்பிடிப்புக் கூடம் இல்லாமல், பெயர் பெற்ற நடிகர் இல்லாமல், தெருவிலே படம் எடுக்கலாம் என்பதற்கு அது கண்கண்ட சான்றாயிற்று. திரும்பி வரும் கப்பலிலேயே 'பதேர் பாஞ்சாலி'யின் திரை வடிவத்தை எழுதத் தொடங்கிவிட்டார்.

எழுதிப் பார்த்தான், ஒப்பிட்டான், குறித்தான், மீண்டும் பார்த்தான். இதற்குப் பெயர் அருள் என்றால், நம் பள்ளிப் பிள்ளை வாய்பாடு படிப்பதற்கும் அருள் என்றே பெயர் வைத்துவிடலாம்!

1952 அக்டோபரிலே, கல்கத்தாவுக்கு வெளியே, வெள்ளை வெளேரென்று நாணற்பூ பூத்த வெளியில் முதற்காட்சி எடுக்கப்பட்டது. சிறுவன் அப்பு தன் அக்காளைத் தேடிக்கொண்டு அந்தப் பூக்களினூடே நடந்து வரவேண்டும். 'நட' என்றால் நடக்கிறான் பையன். பட்டாளத்தான் போல் நடக்கிறான்! தேடுபவன் நடை அதுவன்று. என்ன செய்தார் ரே? கண்ணை மூடிக் கடவுளை வேண்டினாரா? அவன் வரும் வழியிலே சிறு சிறு தடைகளைப் போட்டு வைத்தார். பூக்களுக்கிடையே ஆட்களை ஒளித்து வைத்து, அங்கிருந்து ஒருவர், இங்கிருந்து ஒருவர் என்று பையனைக் கூப்பிடச் செய்தார். காலிலே தடை வரும்போது நடை தயங்கிற்று. குரல் கேட்ட பக்கம் தலை திரும்பிற்று. திரையிலே பார்க்கிறவனுக்கு, அக்காளைத் தேடி அலைகின்ற ஒரு தம்பி தெரிகிறான். 'குழந்தை என்ன இயல்பாக நடிக்கிறது! தெய்வக் கடாட்சம்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார் நம் நண்பர். கடாட்சம் அன்று, நண்பரே! சுள்ளி!

மறுவாரம் எஞ்சியதை எடுக்கப் போனார்கள். பூவெல்லாம் மாடுகள் தின்று தீர்த்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்க ஓராண்டு ஆகும். காத்திருந்தார்கள். பணம் தீர்ந்தது, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் அடகுக்குப் போயிற்று, மனைவியின் நகையும் போயிற்று. படம் பாதியில் நின்றது, தொடங்கிற்று, மீண்டும் நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசு, அப்போதைய முதலமைச்சர் பி.சி. ராயின் துணிவால், பணம் கொடுத்தது. 'பாதையின் பாட்டு' என்னும் பொருள்பட்ட பெயரைப் பார்த்து, சாலைச் செப்பனிடும் கணக்கிலே அதை எழுதினார்களாம்! அலுவலகங்களின் அறிவு எங்கும் ஒரே விதம்தான் போலும். இடையே மிட்டாய்க்காரராக நடித்தவர் இறந்துவிட்டார்; அவரைப்போலவே உடல் பருத்த வேறொருவரை, முதுகு மட்டும் தெரியுமாறு நிறுத்தி எஞ்சிய காட்சியை எடுத்தார்கள். இத்தனை ஆண்டு இழுபறியிலும் பையனின் குரல் உடையவில்லை, அக்காளாக நடித்த பெண் வளர்ந்துவிடவில்லை, எண்பது வயதுக் கிழவி சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை. இவற்றை மட்டும் அற்புதங்கள் என்று ரே வேடிக்கையாகக் கூறினார். அற்புதம் என்ற சொல்லை நாமும் இவ்வளவுக்கு அனுமதிக்கலாம்.

1955இல் படம் வெளிவந்தது. 1956இல் கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்று பரிசு பெற்றது. அதைச் சமைத்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது வயது 21; அதற்குமுன் ஒரு திரைப்படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவரல்லர். பிரெஞ்சு இயக்குநர் ரெனுவார் 'நதி' என்னும் படத்தை வங்கத்தில் எடுத்தபோது, அருகே நின்று ஒளியமைப்பைப் பார்த்துப் பார்த்து ஏட்டிலே வரைந்துகொண்ட இளைஞர். கலை அமைப்பாளர் பன்சி சந்திரகுப்தா காசுமீரிலே வளர்ந்தவர். பரம்பரை எங்கே? குலவித்தை எங்கே?

இந்த மித்ரா செய்த ஒன்றை இளந்தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். அடுத்த படமான 'அபராஜிதோ'வில் (1956) காசி நகரத்து வீடு ஒன்று வருகிறது. நடுவே முற்றம், மேலே திறந்த வானம். அப்படிப்பட்ட வீட்டில் வெளிச்சம் மேலிருந்து பரவலாக இறங்கும். நிழல் கூர்மையாக விழாது. ஆனால் வீட்டைக் கல்கத்தாவில் படப்பிடிப்புக் கூடத்துக்குள் அமைத்தார்கள். விளக்குகளை நேரே பாய்ச்சினால் ஒவ்வொருவர்க்கும் இரண்டு மூன்று நிழல் விழும். காசியும் இல்லை, வீடும் இல்லை, பொய் அம்பலமாகும். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத்துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை ஆட்கள்மீது பாய்ச்சாமல் துணிமீது பாய்ச்சினார். துணியில் பட்டுச் சிதறி இறங்கிய ஒளி, வானத்து ஒளியாயிற்று. அந்தக் காட்சியைக் கண்டு 'என்ன தெய்விக ஒளி!' என்று வியந்தவர் உண்டு. வியக்கட்டும், ஆனால் அந்தத் தெய்விகத்தை முழம் இத்தனை என்று துணிக்கடையில் விலை கொடுத்து வாங்கலாம்!

இனி, பாணி என்றால் என்ன என்னும் வினாவுக்கு வருவோம். கருவியைத் தலைகீழாகச் சுழற்றுவதும், பரணிலிருந்து பார்ப்பதும், கண்ணாடியில் தெரிவதும், நிழலில் மறைவதும் பாணி என்று எண்ணுவோர் பலர். அவை வித்தைகள். வித்தை காட்டுபவனை ஐந்து நிமிடம் பார்க்கலாம். பாணி என்பது, பார்வையாளனை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி இயக்குநன் செய்யும் முடிவு. எவருடைய கண் வழியே இதை இவன் பார்க்கவேண்டும்? எதை இவனுக்குக் காட்டவேண்டும், எதை இவனே கண்டுகொள்ள விடவேண்டும்? இந்த இரண்டு வினாக்களுக்கும் காட்சிக்குக் காட்சி விடை தேடுகிறவனே இயக்குநன்.

'சாருலதா' (1964) படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். செல்வர் வீட்டு மனைவி ஒருத்தி, பகற்பொழுதைப் போக்க வழியின்றி வீட்டுக்குள் திரிகிறாள். சன்னலின் மரச்சட்டங்களுக்கு இடையே, கைப்பிடி வைத்த தொலைநோக்குக் கண்ணாடியால் தெருவிலே போகிறவர்களைப் பார்க்கிறாள். சற்றுப் பொறுத்து அவள் கணவன், ஏதோ படித்துக்கொண்டே, அவளைக் காணாமலே அவளைக் கடந்து போகிறான். அவள் அதே கண்ணாடியை உயர்த்தி அவனையும் பார்க்கிறாள்! தெருவிலே போன அயலானைப் பார்த்த அதே கண்ணாடி. அவர்கள் இல்லறத்தைப் பற்றி எவரும் ஒரு சொல் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை.

நாம் சொல்ல வந்த செய்திக்கு மிகப் பெரிய சான்று 'தேவி' (1960). பிரபாத்குமார் முகோபாத்தியாய எழுதிய சிறுகதை. அதன் கருவைத் தந்தவர் தாகூர். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கம். காளிகிங்கர் என்னும் ஜமீன்தார், காளி பக்தர். இளைய மகன் உமாபிரசாத் கல்கத்தாவில் ஆங்கிலம் படிக்கிறான். அவன் மனைவி தயாமயி பதினேழு வயதுப் பெண். ஒருநாள் இரவு மாமனார் கனவு காண்கிறார். இருட்டிலே மூன்று கண்கள் தோன்றுகின்றன; அவை மெல்ல மெல்ல மருமகளின் இரு கண்களும் நெற்றிப் பொட்டுமாக மாறுகின்றன. விடிந்ததும் ஓடி வருகிறார், மருமகள் காலில் விழுகிறார், 'அம்மா' என்கிறார். அவ்வளவுதான்! அந்த நொடியிலிருந்து அவள் பெண் அல்லள், தெய்வம்.

இங்கே கருவி எங்கே நிற்கிறது? விழுந்து வணங்கும் கிழவரைக் காட்டி எள்ளி நகையாடியிருக்கலாம். நாம் கைதட்டியிருப்போம். ரே காட்டுவது அவளை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கால் விரல்கள் கூசி மடங்குகின்றன. தன் காலை மாமனார் தொடுகிறாரே என்னும் நாணமும், என்ன நடக்கிறதென்றே விளங்காத அச்சமும் அந்தக் கால் விரல்களில் தெரிகின்றன. நடித்தவர் ஷர்மிளா தாகூர். வயது ஏறத்தாழ பதினைந்து. பிறகு அவளை மேடைமேல் உட்கார்த்துகிறார்கள். மாலைமேல் மாலை, புகைமேல் புகை, மந்திரத்தின்மேல் மந்திரம். பசியும் களைப்பும் மேலிட்டு அவள் மயங்கிச் சரிகிறாள். தெய்வம் ஆக்கப்பட்ட பிறகு அவளுக்கு உட்காரக்கூட உரிமையில்லை, உட்கார்த்தப்படுகிறாள்!

அடுத்ததுதான் துணிவு. சாகக் கிடக்கும் ஒரு சிறுவனை அவன் பாட்டன் தூக்கிக்கொண்டு வந்து படிக்கட்டில் கிடத்துகிறான். தேவியின் பாதத் தீர்த்தம் வாயில் விடப்படுகிறது. கணவன் உமாபிரசாத் கல்கத்தாவிலிருந்து ஓடிவந்து தந்தையோடு வாதாடிக்கொண்டிருக்கிறான். நம் கட்சியைத்தான் பேசுகிறான், நன்றாகவும் பேசுகிறான். அந்த வேளையிலே, கிடந்த சிறுவன் கண் விழித்துவிடுகிறான்! கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. படித்த மகனுக்கு வாய் அடைத்துப்போகிறது.

பகுத்தறிவாளன் எடுத்த படத்தில் சிறுவன் ஏன் பிழைத்தான் என்று சீறுகிறார் நம் தோழர் ஒருவர். பிழைத்தால்தானே ஐயா, மூடநம்பிக்கை எப்படி வளர்கிறது என்பது விளங்கும்! நூறு பேர் சாகும்போது எவரும் எண்ணிக்கை வைப்பதில்லை. ஒருவன் பிழைத்ததும் ஊரே திரள்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே நம்மையும் நிறுத்தி, நாமும் அரை நொடி திகைக்குமாறு செய்துவிடுகிறார் ரே. திகைத்தவனுக்கே அந்தக் கூட்டத்தின் வலிமை தெரியும். பின்னர், கணவன் அவளை இரவோடு இரவாக அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறான். அங்கே, நீரில் கரைக்கப்பட்ட சாமியின் எலும்புக்கூடு போன்ற சட்டம் சேற்றிலே கிடக்கிறது. அதைக் கண்டதும் அவள் கால் நின்றுவிடுகிறது. 'ஒருவேளை நான் தெய்வமாகவே இருந்துவிட்டால்?' என்னும் ஐயம் அவளையே பற்றிவிட்டது! திரும்பிவிடுகிறாள். ஊரார் பைத்தியம் அவளுக்குள்ளேயே புகுந்துகொண்டதை இதைவிடச் சுருக்கமாக எந்த மேடையிலும் எவரும் விளக்கியதில்லை.

முடிவில், அவளே தாய்போல் தூக்கி வளர்த்த வீட்டுக் குழந்தை நோயில் விழுகிறான். மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளை தேவியின் மடியில் கிடத்தப்படுகிறான். இறக்கிறான். பித்துப்பிடித்த அவள் பூத்த வயலினூடே ஓடிப் பனிமூட்டத்தில் மறைகிறாள். இந்தப் படத்துக்காகச் சியாமா பாடல் ஒன்றை ரே தாமே எழுதினார். உருவ வணக்கத்தை மறுத்த பிரம்ம சமாஜக் குடும்பத்துப் பிள்ளை, காளி பக்தனின் பாட்டைக் கேலி செய்யாமல், உருகுமாறு எழுதினார்! பக்தன் எப்படி உருகுவான் என்று அறியாதவனால், அவன் எங்கே இடறுவான் என்று காட்ட முடியாதல்லவா? படம் வெளிவந்தபோது, இந்து மதத்தைத் தாக்குகிறது என்று வைதிகர் எதிர்ப்புக் கிளப்பினர். தாக்கவேண்டிய இடத்திலே தாக்கியது என்பதற்கு அவர்கள் கொடுத்த நற்சான்று அது.

இனி நம்மவரிடம் வருகிறோம். 'கருத்து இருந்தால் போதும். கருத்தை வீறுகொண்ட வசனத்தில் வைத்தால் போதும். கருவி எங்கே நின்றால் என்ன?' என்று கேட்போர் நம்முள் உண்டு. அவர்கள் உடனே 'பராசக்தி'யைக் காட்டுவர். ரே நாணற்பூ வெளியில் நின்றிருந்த அதே 1952 அக்டோபரில்தான் 'பராசக்தி' வெளிவந்தது. கலைஞரின் வசனமும் சிவாஜி கணேசனின் நாவும் நாட்டைக் கலக்கின. நாம் மறுக்கவில்லை, மறக்கவும் இல்லை. ஆனால் அந்த வசனத்தைக் கேட்கக் கூடிய மக்கள், மேடையிலே நாடகத்தையும் சொற்பொழிவையும் கேட்டுப் பழகிய மக்கள். அவர்கள் காது எதற்குத் திறந்திருந்தது என்று அறிந்து, கிருஷ்ணனும் பஞ்சுவும் அந்தச் சொல்லுக்கு இடம் விட்டுப் படம் அமைத்தனர். அதுவும் ஒரு முடிவு. அதுவும் ஒரு தொழில் அறிவு. அதைப் பார்த்து, அதே வசனத்தின் பத்தாவது நகலை, இன்றைய பையன் ஒருவன் வாயில் திணித்துவிட்டு, கருத்து இருக்கிறது என்று மார்தட்டுவது அறிவாகுமா?

நாம் பள்ளியிலே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஏட்டிலே எல்லார்க்கும் சரி விழும். மறுநாள் எண்ணை மாற்றிக் கொடுத்தால் வகுப்பே விழிக்கும். வழியை மட்டும் காட்டிவிட்டு விடையை மறைத்து வைத்தால், பிள்ளை தட்டுத் தடுமாறித் தானே போய்ச் சேருகிறான். பிறகு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அஞ்சுவதில்லை. 'தேவி' வழியைக் காட்டும் படம். விடையை எழுதிப்போடும் படம் எது என்று கேட்பீர்களாயின், அதற்கும் ரேயையே காட்டுகிறோம்.

1989இல் அவர் எடுத்த 'கணசத்ரு', இப்சன் 1882இல் எழுதிய 'மக்கள் பகைவன்' நாடகத்தைத் தழுவியது. ஓர் ஊர், அங்கே புகழ்பெற்ற கோயில், ஊரிலே மஞ்சட்காமாலை. கோயில் தீர்த்தத்தில் கழிவுநீர் கலந்திருக்கிறது என்று மருத்துவர் அசோக் குப்தா கண்டுபிடிக்கிறார். துளசியும் தீர்த்தமும் சேர்ந்தால் கெடுதல் ஏது என்கின்றனர் மற்றவர். நகராட்சித் தலைவரான உடன்பிறந்தானே எதிர்க்கிறான். ஏடு கைவிடுகிறது. பொதுக்கூட்டத்தில் பேசவிடாமல் அடக்குகிறார்கள். நமக்கென்றே எடுத்த படம்போல் இருக்கிறதல்லவா? கருத்து 'தேவி'யைவிடக் கூர்மை, எடுத்தவரும் அவரே, மருத்துவராக நடித்தவர், 'தேவி'யில் கணவனாக நடித்த அதே சௌமித்ர சட்டர்ஜி. ஆயினும் 'தேவி' உள்ளத்தில் தைப்பதுபோல் இது தைக்கவில்லை. ஏன்?

1983இல் ரேக்கு மாரடைப்பு வந்தது. அதன்பின் வெளியிடங்களில் அலைந்து படமெடுக்க மருத்துவர் இசையவில்லை. 'கணசத்ரு' பெரிதும் கூடத்துக்குள்ளே, அறைகளுக்குள்ளே எடுக்கப்பட்டது. மருத்துவர் பேசுகிறார், பதிப்பாசிரியர் பேசுகிறார், உடன்பிறந்தான் பேசுகிறான். நாம் மருத்துவர் பக்கத்திலே வசதியாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, 'சரியாகச் சொன்னீர்' என்று தலையாட்டுகிறோம். ஆனால் அந்தத் தீர்த்தத்தைக் கை நீட்டி வாங்கிக் குடிக்கிற மனிதனுக்குள் ஒரு கணமும் நாம் நுழையவில்லை. பக்தன் ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்தால், தன்னைத் திட்டுகிறார்கள் என்று எழுந்து போவான். 'தேவி'யைப் பார்த்தாலோ, தன் வீட்டு மருமகளை ஒருமுறை நினைத்துக்கொள்வான். உடல் நலிந்த முதியவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று; அந்நிலையிலும் தீர்த்தத்தைப் பற்றிப் படமெடுத்த நெஞ்சுரத்தைப் போற்றுகிறோம். ஆனால் ஒரே மனிதர், ஒரே கொள்கை, இரண்டு படங்கள், இரண்டு விளைவுகள் என்றால், வேறுபாடு கொள்கையில் இல்லை, தொழிலில் இருக்கிறது என்று கூறாமல் வேறு என்ன கூறுவது? அருள் என்று ஒன்று இருந்திருப்பின், 1960இல் இருந்த அருள் 1989இல் எங்கே போயிற்று? தெருவுக்கும் ஆற்றங்கரைக்கும் போகக் கால் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவே.

வேறொரு வழக்கும் உண்டு. 'ரே வறுமையை வெளிநாட்டாருக்கு விற்றார்' என்பது. 1980இல் நடிகை நர்கிஸ் மாநிலங்களவையிலே உறுப்பினராய் இருந்தபோதே அப்படிக் குற்றம் சாட்டினார். வறுமை இருக்கலாம், படத்தில் வரலாகாது! நல்ல நியாயம்! இதற்கு நாம் நேரம் செலவழிக்கப் போவதில்லை. வசூல்தான் வெற்றிக்கு அளவு என்பாருக்கும் ஒரு வரி: குழந்தைகளுக்காக அவர் எடுத்த 'கூப்பி காயினே பாகா பாயினே' (1969) வங்கத்தில் மாதக்கணக்கில் ஓடிற்று, 'தேவி' அப்படி ஓடவில்லை. வசூலைக் கணக்கர் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று கைப்பேசியைக் கொண்டே குறும்படம் எடுத்துவிடலாம். நம் தோழர்கள் எடுக்கிறார்கள். போலிச் சாமியார் வருகிறான், பேதைப் பெண் ஏமாறுகிறாள், கறுப்புச் சட்டை இளைஞன் வந்து பத்து நிமிடம் பேசுகிறான், கூட்டம் திருந்துகிறது, முற்றும். பார்ப்பவர் யார்? முன்பே திருந்தியவர்! நாமே எடுத்து, நாமே பார்த்து, நாமே கைதட்டிக்கொண்டிருப்பதற்காகவா இவ்வளவு பாடு? அந்தப் பெண் ஏன் அங்கே வந்தாள், நோயாளிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையிலே எத்தனை நாழிகை நின்றாள், அரசு மருத்துவமனை அவள் ஊருக்கு எத்தனை கல் தொலைவு, சாமியார் கையை வைத்ததும் அவள் முகம் எப்படி மாறிற்று? கைப்பேசியை அந்த வரிசையில், அவளுக்குப் பின்னால், அவள் தோள் உயரத்தில் வைத்தால் இவை தெரியும். இளைஞனின் வாய்க்கு எதிரே வைத்தால் அவன் பல் மட்டுமே தெரியும்.

'தேவி'யைப் பார்க்காத தோழர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும். இரண்டாம் முறை ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்கட்டும். மூன்றாம் முறை ஓர் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியிலும் கருவி எவர் பக்கத்தில் நிற்கிறது, எப்போது இடம் மாறுகிறது என்று குறித்துக்கொண்டே பார்க்கட்டும். ரே கொட்டகை இருட்டிலே, ஓடும் படத்தோடு ஓடிக் குறிப்பெடுத்தார். நமக்கு விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலே படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி இருக்கிறது.